லைன் கொடுக்காமல் ஏற்றுவது

ஊரில் கணினி திருத்துகிறவனுக்குப் பெயர் வருவது கெட்டித்தனத்தால் இல்லை, கெதியால், வேலையின் வேகத்தால். உள்ளே என்ன செய்தோம் என்பது வருகிறவர்களுக்குத் தெரியாது. எத்தனை நாள் வைத்திருந்தோம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். மட்டக்களப்பில் என் கடைக்கு வருகிறவர்கள் "நாளைக்குப் பின்னேரம் வந்து எடுக்கலாமா?" என்று கேட்பார்கள். "இரிங்க, ஒரு பிளேன்டி குடிங்க, கையோட கொண்டு போங்க" என்பேன். அந்தத் தடிப்பு எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது, ஆனால் சொல்லும்போது குரல் முன்போல் எழும்புவதில்லை.

கணினிக்கு ஓ.எஸ். போடுவது, அதாவது அது எழும்பி நடமாடத் தேவையான அடி மென்பொருளைப் புதிதாக ஏற்றுவது, உண்மையில் நேரம் எடுக்கிற வேலையே இல்லை. அதற்குப் பிறகு வருகிற அப்டேட்டுகள்தான் ஆளைத் தின்னும். முடிந்தது என்று மூச்சு விடும்போது போன மாதத்துத் திருத்தம், அதற்கு முந்திய மாதத்துத் திருத்தம், அந்தத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் என்று இணையத்திலிருந்து இறங்கத் தொடங்கும். இறங்கினால் போதாது, உட்கார வேண்டும். உட்கார்ந்தாலும் போதாது, கணினி நின்று மறுபடி எழும்ப வேண்டும். நான் மாதம் ஒருமுறை அந்தத் திருத்தங்களையெல்லாம் கடையிலேயே இறக்கி, ஏற்றுகிற கோப்புக்குள் முன்கூட்டியே சேர்த்து, ஒரு பென்டிரைவில் வைத்துவிடுவேன். கறிக்கு வேண்டிய மசாலைக் கூட்டை முதலே அரைத்து வைப்பது போலத்தான். அடுப்பை மூட்டினால் கறி இறக்கலாம்.

அதைவிட முக்கியமான கட்டுப்பாடு ஒன்று இருந்தது. முகப்புத் திரை வரும் வரைக்கும் இணைய வயரைச் செருகக் கூடாது. எங்கள் பேச்சில், லைன் கொடுக்கக் கூடாது. லைன் கிடைத்தால் கணினி எங்களை மறந்துவிடும். எங்கேயோ இருக்கிற ஒருவன் 'உனக்குப் புது அப்டேட் இருக்கு' என்று சொல்லுவான், இது அவன் பின்னால் போய்விடும். இடையில் கூப்பிட்டால் திரும்பாது. அதனால் லைன் இல்லாமல் ஏற்றி, முகப்புத் திரைக்கு வந்து, 'கொஞ்ச நாளைக்கு அப்டேட் வேண்டாம்' என்று கட்டிப்போட்டுவிட்டுத்தான் வயரைச் செருகுவேன். என் கெதியின் இரகசியம் அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை காலையிலிருந்து நான் செங்கலடியில் ஒரு கல்வி நிலையத்தில் இருந்தேன். வரிசையாகப் பழைய கணினிகள், எல்லாவற்றுக்கும் புதிதாகப் போட வேண்டும். அங்கே லைன் மந்தம். ஒவ்வொன்றும் தன்பாட்டில் இணையத்துக்குப் போனால் சித்திரை வந்தாலும் முடியாது. ஆகவே என் லப்டொப்பை நடுவில் வைத்து, அது ஒன்று மட்டும் இறக்க, மற்றவை அதனிடமிருந்து எடுக்கும்படி கட்டியிருந்தேன். குளத்திலிருந்து ஒரு வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயலுக்கு வயல் தண்ணீர். பன்னிரண்டு மணிபோல ஆரையம்பதியிலிருந்து போன் வந்தது.

பேசியவர் என் நண்பனின் மாமா, அவனுடைய தாயின் தம்பி. நண்பன் லண்டனில் இறந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. நித்திரையிலேயே போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். வயது நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. அங்கே பிரேதம் கையில் கிடைப்பதற்கே நாளெடுக்கும், பிறகு மண்டபம் கிடைக்க வேண்டும். அன்றைக்குத்தான் இறுதிக் கிரியை. எங்கள் நேரம் பின்னேரம் இரண்டரைக்கு. நேரலையில் காட்டுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். வேலையை இடையில் விட்டுவிட்டு ஒன்றரைக்குள் அங்கே போய் இருப்பதாகத்தான் நானும் நினைத்திருந்தேன்.

"தம்பி, கொம்பியூட்டர் எழும்புதில்ல" என்றார் மாமா. "கறுப்பா வருது, ஒரு வட்டம் சுத்துது, மறுகா நிண்டு போகுது. அக்காவுக்கு நான் இன்னும் சொல்லல்ல."

"கடைசியா என்ன செஞ்சீங்க?"

மாமா சொன்னார். செத்தவீடு என்றால் நடு ஹோலில்தானே பிரேதம் வைப்பது. பிரேதம் வராது, கணினியில்தான் வரும். ஆகவே கணினியை அறையிலிருந்து ஹோலுக்குக் கொண்டுவர வேண்டும். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் தொடங்கும், அதற்கு முதல் தூக்கி வைத்துவிட வேண்டும். வேலை செய்கிறதா என்று பார்க்கப் போட்டாராம், செய்ததாம். நிறுத்தப் போனால் 'அப்டேட் நடக்கிறது, நிறுத்த வேண்டாம்' என்று ஏதோ எழுதிக்கொண்டு நின்றதாம். ஏழு இருபது ஆகிவிட்டது. சுவரில் இருந்த சுவிட்சை நிறுத்தி, வயரை இழுத்து, தூக்கிக்கொண்டு வந்து ராகு காலத்துக்கு முதல் வைத்துவிட்டார். மறுபடி போட்டுப் பார்த்தது இப்போதுதானாம்.

உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு பிழை எழுதியிருக்காது. ராகு காலத்துக்குப் பயந்து அப்டேட்டின் கழுத்தை நெரித்த மனிசன் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"வாறன்" என்றேன். லப்டொப்பைக் கழற்றினால் அந்த வரிசை முழுவதும் பாதியில் தொங்கும், மாமா செய்தது போலவே ஆகிவிடும். அதை அங்கேயே விட்டேன். பென்டிரைவ் சட்டைப் பையில் இருந்தது. எனக்கு அது போதும் என்று நினைத்தேன்.

செங்கலடியிலிருந்து ஆரையம்பதி கிட்ட இல்லை. ஏறாவூர் கழிந்து, டவுன் கழிந்து, கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. பாலத்தில் எனக்கு முன்னால் ஒரு லொறி ஊர்ந்துகொண்டு போனது. முந்த முடியவில்லை. நான் அந்த லொறிக்காரனின் ஏழு தலைமுறையையும் மனதுக்குள் இழுத்தேன். காத்தான்குடியைத் தாண்டும்போதுதான் அழுகை வந்தது. அதுவரைக்கும் அவன் செத்ததற்கு நான் அழவில்லை. செத்தவன் தூரத்தில் இருந்தால் அழுகையும் தூரத்தில்தான் நிற்கும் போல.

வீட்டு முற்றத்தில் பந்தலாகக் கொட்டில் போட்டிருந்தார்கள். கதிரைகள் ஹோலுக்குள் வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இருந்தன. முன்னால் மேசை, வெள்ளைத் துணி, குத்துவிளக்கு, நடுவில் அந்தக் கணினி. திரை பெரியது. அவன் போன முறை வந்தபோது கொழும்பில் வாங்கிக் கொண்டுவந்தது. வாங்கும்போது தாய்க்குக் கண் மங்கல் என்று திரையை மட்டும் நல்லதாக எடுத்தான். உள்ளே இருப்பது பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க், சுழலுகிற தட்டு, ஆமைபோல அசையும். "டேய், தட்டை மாத்துவம்" என்று நான் சொல்ல, "அடுத்த முறை" என்றான். பக்கத்தில் தென்னம்பூவும் நிறைகுடமும் வைத்திருந்தார்கள். ஓடாத கணினிக்கு நிறைகுடம் வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

மாமி மேசைக்குப் பக்கத்தில் பாயில் இருந்தார். அவனுடைய அம்மாவை நான் சின்ன வயதிலிருந்து மாமி என்றுதான் கூப்பிடுவது. மடியில் ஒரு சின்னச் சுளகு, அதில் பச்சரிசி.

அந்த அரிசியைப் பற்றி ஊருக்குள் இரண்டு நாளாகக் கதை நடந்திருந்தது. மாமி வாய்க்கரிசி போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். படத்துக்குப் போட்டால் அது வாய்க்கரிசி ஆகுமா என்று பெரியவர்கள் இழுத்தார்கள். கிரியையைப் பிறகு வீடியோப் பதிவில் பார்க்கலாம், அழுது தீர்க்கலாம், ஆனால் அரிசி போடுவதெல்லாம் முறையில்லை என்றார்கள். மாமி சொன்ன பதிலோடு அந்தக் கதை முடிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் அவன் அந்தத் திரையில் வருவான். அங்கே மத்தியானம். சோற்றுக் கோப்பையோடு வந்து இருப்பான். தாய் பார்த்துக்கொண்டிருக்க அவன் தின்பான். என்ன கறி, உப்புச் சரியா, இன்னும் கொஞ்சம் போடு என்று இவர் இங்கேயிருந்து சொல்லுவார். பிள்ளை வெளிநாட்டுக்குப் போன பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த தாய்வேலை அது ஒன்றுதான்.

"அவன் திண்டதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதானே" என்றாராம். "கடைசி அரிசியையும் இதுலயே போடுறன். பெட்டி மூடக்குள்ள அவன் அங்க இரிக்கோணும். மறுகா பாக்கிறதுல அவன் இரிக்கமாட்டான்."

அவனுடைய மனைவி லண்டனிலிருந்து ஒத்துக்கொண்டிருந்தார். மூடுவதற்கு முதல் போனில் சொல்லுவேன், அந்த நேரம் மாமி அங்கே போடட்டும், நான் அவர் பேரால் இங்கே போடுகிறேன் என்று. ஆகவே எல்லாம் அந்த ஒரு நேரத்துக்காகத்தான் காத்திருந்தது.

நான் கணினியைப் போட்டுப் பார்த்தேன். வட்டம் சுற்றியது, நின்றது. பழையதை மீட்க ஒரு வழி இருக்கிறது, அதற்கு நேரமும் உத்தரவாதமும் இல்லை. முழுதாக அழித்துப் புதிதாகப் போடுவதுதான் கெதியான வழி.

"மாமி, உள்ள இரிக்கிறதெல்லாம் அழிஞ்சிடும்" என்றேன்.

"என்ன இரிக்கி அதுக்குள்ள?" என்று கேட்டார். "அவன் இல்லியே. அழி மனே. அவன் தெரிஞ்சாச் சரி."

ரவுட்டரிலிருந்து வந்த வயரைக் கழற்றிச் சுருட்டி மேசைக்குக் கீழே வைத்தேன். பென்டிரைவைச் செருகினேன். ஏறத் தொடங்கியது. அன்றைக்கு என் பென்டிரைவ் என்னைக் கைவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அந்த ஆமைத் தட்டிலும் அது நன்றாகவே ஓடியது. எண்கள் ஏறின, ஒருமுறை நின்று எழும்பியது, மறுபடி ஏறியது. இரண்டு மணிக்கு முதல் 'எந்த நாடு, எந்தப் பாஷை' என்று கேட்கிற திரை வந்துவிட்டது. இன்னும் நாலைந்து கேள்வி, பிறகு முகப்புத் திரை. எனக்குள் இருந்த தடிப்பு அந்த இடத்திலும் தலையைத் தூக்கியது. வெயிலில் வந்த முகம் எரிந்தது. "மாமி, முகம் கழுவிட்டு வாறன், எல்லாம் சரி" என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனேன்.

இரண்டு வாளி தண்ணீர் அள்ளும் நேரம். அவ்வளவுதான் போயிருந்தேன்.

திரும்பி வரும்போது மாமா மேசைக்குக் கீழேயிருந்து எழும்பிக்கொண்டிருந்தார். முழங்காலில் தூசு. முகத்தில் ஒரு உதவி செய்த திருப்தி.

"வயர் கழண்டு கிடந்திச்சு தம்பி. செருகிட்டன். லைன் குடுக்காம எப்புடி லண்டன் வரும்?"

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்தது, அடுத்தது என்று திரை கேட்ட இடத்திலெல்லாம் அமத்தியும் விட்டிருந்தார். திரையில் வேறு எழுத்து வந்திருந்தது. புதிய அப்டேட்டுகள் கிடைத்திருக்கின்றன, உங்களுக்காக எல்லாவற்றையும் தயார் செய்கிறோம், கணினியை நிறுத்த வேண்டாம். கீழே நூற்றுக்கு இவ்வளவு முடிந்தது என்று ஒரு வீதக் கணக்கு. நான் வயரைப் பிடுங்கினேன். பிடுங்கி என்ன செய்ய? அந்த வீட்டில் லைன் நல்ல லைன். வேண்டியதெல்லாம் வந்து இறங்கிவிட்டது. இனி அது உட்கார வேண்டும், அந்தச் சுழலுகிற தட்டில், ஒவ்வொன்றாக.

எனக்கு அந்த மனிசனை அடிக்க வேண்டும் போலிருந்தது, அதுவும் உண்மை. காலையில் நிறுத்த வேண்டாம் என்றபோது நிறுத்தினார். இப்போது கொடுக்க வேண்டாம் என்பதைக் கொடுத்தார். ஆனால் அவர் ஒன்றும் அறியாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் சிவந்து வீங்கியிருந்தது. பத்து நாளாக அந்த வீட்டில் ஓடித் திரிகிற ஒரே ஆம்பிளை அவர்.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்றார்.

"தெரியா மாமா" என்றேன். என் தொழிலில் நான் அதிகம் சொல்லாத சொல் அது.

இரண்டு வழி இருந்தது. நிறுத்திவிட்டுப் பென்டிரைவிலிருந்து மறுபடி தொடங்கலாம். முக்கால் மணித்தியாலம் போகும், இரண்டரையைத் தாண்டும், ஆனால் முடிவு தெரிந்த வழி. அல்லது பொறுத்திருக்கலாம். எண் இருபத்தெட்டில் நின்றது, நான் பார்க்கும்போதே முப்பத்தைந்து ஆனது. இந்தக் கதியில் போனால் இருபது நிமிடம் என்று மனது கணக்குப் போட்டது. பொறுத்தேன். எது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த எண்கள் தூரப் பயண பஸ்ஸின் கொண்டக்டர் மாதிரி. 'இந்தா எடுக்கிறம், இந்தா எடுக்கிறம்' என்று சொல்லிக்கொண்டே இருப்பான். இறங்கி வேறு பஸ் பிடிக்கவும் விடமாட்டான், எடுக்கவும் மாட்டான்.

காத்தான்குடியில் தெரிந்த கடைக்காரருக்குப் போன் எடுத்தேன், ஒரு லப்டொப் தரச்சொல்லிக் கேட்க. அவர் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார், கடை பூட்டு. பக்கத்து வீட்டு டீச்சரின் லப்டொப் டீச்சரோடு டவுனில் ஒரு கூட்டத்தில் இருந்தது. வீட்டு டிவியோ பின்பக்கம் வயிறு வைத்த பழைய பெட்டி. போனுக்கும் கணினித் திரைக்கும் இடையில் பூட்டுகிற சின்ன வயர் ஒன்று என் கடை மேசை லாச்சியில் இருக்கிறது. கடைக்குப் போய்வர நேரம் இருந்தது என்று இப்போது கணக்குப் பார்த்தால் தெரிகிறது. அந்த நேரம் எண் ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டை விட்டு யார் எழும்பிப் போவது?

ஆட்கள் வந்து கதிரைகளில் இருந்தார்கள். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். நீலத் திரையில் வெள்ளை எழுத்து, ஒரு வட்டம். ஒரு வயதான ஆள் அதற்கே கை கூப்பிவிட்டு இருந்தார். பெண்கள் மாமியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி தொடங்கினார்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்ன எழுதியிரிக்கி மனே?" என்று மாமி கேட்டார்.

"கொஞ்சம் பொறுக்கட்டாம் மாமி."

சிறிது நேரத்தில் எழுத்து மாறியது. அவர் மங்கல் கண்ணுக்கும் மாறியது தெரிந்தது. "இப்ப என்ன?"

"எல்லாத்தையும் எங்களிட்ட விடுங்க எண்டு எழுதியிரிக்கி."

அவர் தலையை ஆட்டினார். பத்து நாளாக வந்தவர் போனவரெல்லாம் அதைத்தானே சொன்னார்கள்.

இரண்டரை ஆனது. லண்டனில் தொடங்கிவிட்டது. நான் என் போனில் நேரலையைத் திறந்தேன். பெரிய மண்டபம். கமராவைப் பின் வரிசைக்கும் பின்னால் நட்டிருந்தார்கள். கறுப்புக் கோட்டுகளின் முதுகு, முதுகு, முதுகு, அதற்கு அப்பால் பூக்களுக்கு நடுவே திறந்த பெட்டி. பெட்டிக்குள் அவன். பெரிதாக்கிப் பார்த்தேன், முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. விட்டேன், பழையபடி சின்னதானது. அந்தப் பெரிய திரையில் இதே படம் வந்திருந்தால் முகம் ஒரு கையளவாவது இருந்திருக்கும். அதற்காகத்தானே அவன் திரையை மட்டும் நல்லதாக எடுத்தான்.

எண் எழுபத்தாறில் நின்றது. கணினி தானாக நின்று, கறுத்து, எழும்பி, மறுபடி முப்பதிலிருந்து தொடங்கியது. கதிரைகளில் ஒரு பெருமூச்சு. இது இப்படித்தான், இரண்டாம் கட்டம், இனிக் கெதியாகப் போகும் என்று நான் சபைக்கு விளக்கம் சொன்னேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்கே என் விளக்கம் கேட்கவில்லை. தேவாரம் போனிலிருந்து மெல்லக் கேட்டது, அங்கே யாரோ பாடினார்கள். இங்கே இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

நான் அந்தத் திரைக்கு முன் நின்றேன். இருபது வருடத்துக்குக் கிட்ட இந்தத் தொழில் செய்கிறேன். எந்தக் கணினியைப் பார்த்தும் எனக்குப் பயம் வந்ததில்லை. அன்றைக்கு என்னால் செய்யக்கூடியது ஒன்றுமே இருக்கவில்லை. அடிக்கலாம், கும்பிடலாம், பார்த்துக்கொண்டு நிற்கலாம். மூன்றுக்கும் அது ஒரே வேகத்தில்தான் போகும். எண்பத்தொன்று. எண்பத்தொன்று. எண்பத்தொன்று. எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் தொடங்குவதற்கு முதல் செய்கிற வித்தை. தொடங்கிவிட்டால் நானும் மாமாவும் ஒன்றுதான்.

மாமாவின் போன் அடித்தது. அவனுடைய மனைவி. மாமா ஸ்பீக்கரில் போட்டார், ஹோல் முழுவதும் கேட்டது.

"மூடப் போறாங்க மாமா. மாமிக்குச் சொல்லுங்க."

தொண்ணூற்றொன்று. மாமா என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் போனை எடுத்துக்கொண்டு போய் மாமிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அதை அவர் மடிக்குக் கிட்டப் பிடித்தேன்.

"மாமி, இதுல போடுங்க. இதுல அவன் இரிக்கான்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் குனிந்தார். போனை எட்டப் பிடிக்கச் சொன்னார், பிறகு கிட்டப் பிடிக்கச் சொன்னார்.

"இதுல எங்க மனே அவன்ட வாய்?"

நான் விரலால் காட்டினேன். விரல் பட்டால் படம் நின்றுவிடும் என்பதால் தொடாமல், மேலே பிடித்துக் காட்டினேன். "இந்தா. இந்த வெள்ளப் பூவுக்கு மேல."

சுளகிலிருந்து ஒரு பிடி அள்ளினார். போனைப் பார்த்தார். பிடியைச் சுளகில் திரும்பப் போட்டுவிட்டு, ஒரே ஒரு அரிசியை எடுத்தார். அங்கே அவனுடைய மனைவி குனிவது தெரிந்தது. மாமி அந்த ஒரு அரிசியை மிக மெதுவாக, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஊட்டுவது போல, நான் காட்டிய இடத்தில் வைத்தார். அது அவன் முகத்தை முழுதாக மறைத்துவிட்டது.

முகம் தெரியவில்லை என்று, அதைக் கொஞ்சம் கீழே நகர்த்தப் போனார். விரல் பட்டது. படம் நின்று, சுருங்கி, போய்விட்டது. போனில் என் பிள்ளைகளின் படம் வந்தது, அதன்மேல் ஒரு அரிசி.

நான் பதறி மறுபடி திறந்தேன். சுற்றியது. திறந்தது. பெட்டி மூடியிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"போட்டது வாய்க்குத்தானே மனே?" என்று மாமி கேட்டார்.

"ஓம் மாமி" என்றேன். "வாய்க்குத்தான்."

அதற்குப் பிறகு ஹோலில் எழுந்த அழுகையில் கணினியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். நானும் மறந்துவிட்டேன். மாமா சுவரோடு சாய்ந்து நின்று தோளில் கிடந்த துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். "ராகு காலம் எண்டுதான் தம்பி..." என்று தொடங்கினார்.

சனம் கொஞ்சம் கலைந்த பிறகு மேசைப் பக்கம் வெளிச்சம் மாறியது. திரும்பிப் பார்த்தேன். முடிந்திருந்தது. பளிச்சென்று, ஒரு குறையும் இல்லாமல், அன்றுவரை வந்த எல்லா அப்டேட்டோடும். நடுவில் ஒரு பெட்டி, அதற்குள் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னியது.

மாமி பாயிலிருந்து பார்த்தார். "என்ன கேக்குது?"

"யார் பாவிக்கப் போறீங்க எண்டு கேக்குது மாமி. பேர் கேக்குது."

அவர் யோசிக்கவே இல்லை. "அவன்ட பேரப் போடு."

நான் மேசைக்கு முன்னால் இருந்து அவன் பெயரை எழுதினேன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் கூப்பிட்ட பெயரில்லை, முழுப்பெயர். அடித்ததும் திரை ஒருமுறை கறுத்தது. பிறகு அவன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, வாருங்கள் என்றது.

மாமி சுளகையும் எடுத்துக்கொண்டு எழும்பி வந்தார். அந்தப் பெரிய திரைக்கு முன்னால் நின்று, ஒரு பிடி அள்ளி, அந்த எழுத்துக்குக் கீழே போட்டார். அரிசி விசைப்பலகையின் இடுக்குகளுக்குள் சிந்தியது. இன்னும் இரண்டு முறை அள்ளிப் போட்டார். நேரம் போய்விட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை.